பன்னிரண்டு ஜெர்சிகள்

1

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளிக்கூட நண்பன் ஒருவன் பரண் மேலிருந்து ஒரு பட்டாசுப் பெட்டியை இறக்கினான். சிவகாசிப் பக்கம் அநேகமாக எல்லா வீட்டிலும் பழைய பட்டாசு அட்டைப்பெட்டி இருக்கும். பழந்துணி, பிள்ளைகளின் பாடப்புத்தகம், பத்திர நகல் எல்லாம் அதற்குள்தான் போகும். இவன் பெட்டிக்குள் சான்றிதழ்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. எல்லாமே வாலிபால்.

"இத்தனையும் காலேஜுக்கு ஆடுனது மாப்ள. ஒண்ணுகூட வேலைக்கு ஆகல."

அவன் படித்தது ஒரு கலைக் கல்லூரியில். மூன்று வருடமும் கல்லூரி அணியின் செட்டர். படித்து முடித்த பிறகு ஓர் அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தான். சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பதினேழையும் பொறுமையாகப் புரட்டியிருக்கிறார். "யூனிவர்சிட்டிக்கு ஆடுனது இருக்கா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. "அப்ப இதெல்லாம் கணக்குல வராதுப்பா." அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதை நண்பன் இரண்டு முறை சொன்னான். விதி அப்படி.

பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாமுக்கு ஒருமுறை போயிருக்கிறான். பதினாறு பேரைக் கூப்பிட்டு, கடைசியில் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். "நான் பதிமூணாவது ஆளு" என்பான். பதிமூன்றாவது யார் என்று யாரும் அறிவிக்கவில்லை. அவனாகவே போட்டுக்கொண்ட கணக்கு அது. இப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறான்.

கல்லூரிக்கு ஆடினால் ஏன் கணக்கில் வராது? பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றியபோது அவன் இதைக் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி விடாமல் கூடவே வந்தது. அதற்குக் காரணம், நான் பார்த்திருந்த இன்னொரு ஊர்.

2

கம்பெனி வேலையாகச் சில மாதங்கள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருந்தேன். போன புதிதில் ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்க வெளியே வந்தால், குழந்தையிலிருந்து கிழவிவரை ஊரே சிவப்புச் சட்டையில் நிற்கிறது. ஏதோ கட்சி மாநாடு என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆடும் ஃபுட்பால். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற, மோதி விழுகிற ஆட்டம். 1922இல் கட்டிய அவர்களுடைய ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிவகாசி நகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 71 ஆயிரம் பேர். எங்கள் ஊரைக் கைக்குழந்தையோடு அள்ளிக்கொண்டுபோய் உட்கார வைத்தாலும் முப்பதாயிரம் இருக்கை மிச்சம்.

அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை எல்லாரும் இதைத்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்வதற்காகவே அந்த அமைப்பைப் படித்தேன். படிக்கப் படிக்க, ஆட்டத்தைவிட அதன் அடுக்குமுறை சுவாரஸ்யமாக இருந்தது.

மேலே என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. அதன் கீழ் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள், மூன்று டிவிஷன்களாக. 1973இல் வந்த பிரிவு இது. நம்மூர் ரஞ்சிக் கோப்பையை நினைத்துக்கொண்டால் குழப்பிக்கொள்வோம். ரஞ்சியில் முதலில் மண்டலங்கள்தான் இருந்தன. 2002-03இல் எலீட், பிளேட் என்று பலத்தை வைத்துப் பிரித்தார்கள். நன்றாக ஆடினால் மேலே போகலாம், சொதப்பினால் கீழே இறங்க வேண்டும். அமெரிக்க டிவிஷனில் ஜெயித்து மேலே போவது என்பதே கிடையாது. அது, கல்லூரி விளையாட்டுக்கு எவ்வளவு செலவு செய்ய ஒப்புக்கொள்கிறது என்பதை வைத்த பிரிவு. மூன்றாம் டிவிஷன் கல்லூரி, விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. முதல் டிவிஷனின் உச்சியில் உள்ள கல்லூரிகள், அண்மைக்காலம் வரை, ஃபுட்பாலுக்கு மட்டும் 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்றிருந்தது. 1978இல் முதல் டிவிஷனையே ஃபுட்பாலுக்காக இரண்டாகப் பிளந்தார்கள். உச்சியில் இப்போது 130 கல்லூரிகளுக்கு மேல் இருக்கின்றன.

டிவிஷன் என்பது இந்தக் குறுக்குக்கோடு. இதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு உண்டு. அது கான்ஃபரன்ஸ். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, வருடாவருடம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சங்கம். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் 'பிக் டென்', 1896இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சிகாகோவில் கூடி உண்டாக்கியது. என்.சி.ஏ.ஏ.வைவிடப் பத்து வருடம் மூத்தது. 1905இல் ஃபுட்பால் மைதானங்களில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906இல் உருவான அமைப்புக்குத்தான் 1910இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் வந்தது. அங்கே முதலில் கல்லூரிகள் ஆடின, பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் கூட்டணி சேர்ந்தார்கள், கடைசியில்தான் விதி எழுத ஓர் அமைப்பு வந்தது. எல்லாம் கீழிருந்து மேலே.

3

இதில் வேடிக்கை என்னவென்றால், உச்சிப் பிரிவு ஃபுட்பாலுக்கு மட்டும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் நடத்துவதில்லை. கீழ்ப்பிரிவுகளுக்கெல்லாம் முறையான நாக்-அவுட் உண்டு. உச்சியில் ரொம்ப காலம் யார் சாம்பியன் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள். அசோசியேட்டட் பிரஸ் 1936இலிருந்து வாராவாரம் தரவரிசை வெளியிடுகிறது. பயிற்சியாளர்களுக்கும் தனியாக ஒரு வாக்கெடுப்பு. 1997இல் பத்திரிகைக்காரர்கள் மிச்சிகன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்கா என்றார்கள். இரண்டும் சாம்பியன்.

1998இல் பி.சி.எஸ். என்ற முறை வந்தது. வாக்கெடுப்புகளோடு சில கணினி நிரல்களின் தரவரிசையையும் சேர்த்துக் கூட்டி, முதல் இரண்டு அணிகளை மோதவிட்டார்கள். அந்த நிரல்களில் பெரும்பாலானவற்றின் சூத்திரம் வெளியே தெரியாது. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சூத்திரத்தைக் காட்டாத நிரல் கொடுக்கும் தீர்ப்பு, சாமியாடி சொல்லும் குறி மாதிரிதான். பலித்தால் தெய்வம், பலிக்காவிட்டால் நம் நேரம். 2014இலிருந்து 13 பேர் கொண்ட ஒரு குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. 2024இல் நான்கு பன்னிரண்டாயிற்று.

இந்தக் குழுவிடம் ஃபுளோரிடா ஸ்டேட் மாட்டியது 2023இல். 13 ஆட்டம் ஆடி பதின்மூன்றிலும் ஜெயித்த அணி. தன் கான்ஃபரன்ஸின் சாம்பியன். அணியின் முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் முறிந்திருந்தது. இனி இவர்கள் பழைய அணி இல்லை என்று சொல்லி அவர்களை விட்டுவிட்டு, ஒரு தோல்வி கண்ட அணிகளை உள்ளே எடுத்தார்கள். 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், இதேபோல 13-0 என்று முடித்தும் வெளியே நிறுத்தப்பட்டது. அது சின்ன கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. 'நாங்களே சாம்பியன்' என்று தாங்களாகவே அறிவித்து, ஊர்வலமும் விட்டார்கள். ஒரு தோல்வியும் இல்லாதவனை வெளியே நிறுத்த முடியும் என்றால், அங்கே ஆட்டத்தைத் தவிர வேறு ஏதோவும் எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

அது பெரும்பாலும் டி.வி. பணம். 1984 வரை எந்த ஆட்டம் டி.வி.யில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ.தான் தீர்மானித்தது. அந்த வருடம் ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இது போட்டியை முடக்கும் ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு உரிமையை விற்பது கான்ஃபரன்ஸ்கள் கைக்குப் போயிற்று. அதிகம் கொடுக்கும் டி.வி. ஒப்பந்தம் எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறதோ அங்கே தாவுவது தொடங்கியது. 1915இல் வேர்விட்ட மேற்குக்கரைக் கூட்டணியான 'பேக்-12', 2024 சீசனுக்குள் பன்னிரண்டில் பத்து உறுப்பினர்களை இழந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் இன்றைக்கு ஒரே 'பிக் டென்'னில் இருக்கின்றன. இடையில் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். பக்கத்துக் கல்லூரிகளின் சங்கம் என்று தொடங்கியது கண்டத்தின் இரண்டு கரைகளில் வந்து நிற்கிறது. பெயரில் பத்து, கூட்டத்தில் பதினெட்டு.

இத்தனை குளறுபடியிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்தக் கான்ஃபரன்ஸுக்குத் தாவினாலும், ஃபைனல்வரை போனாலும், ஆடுகிற பையனின் மார்பில் இருப்பது அவன் கல்லூரியின் பெயர்.

4

இப்போது விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம்.

சிவகாசியில் ஒரு கல்லூரிப் பெண் வாலிபால் ஆடுகிறாள். கல்லூரி அணி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த மற்றக் கல்லூரிகளோடு மோதும். கல்லூரிகள் அதிகம் என்றால் முதலில் மண்டலங்களாகப் பிரித்து நடத்துவார்கள். ஜெயித்தால் கோப்பை, சுழற்கேடயம், பி.டி. சாரோடு குரூப் போட்டோ. கல்லூரியின் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கல்லூரி என்ற ஒன்று இந்திய விளையாட்டில் இல்லை.

அடுத்த படிக்குப் பல்கலைக்கழகம் தன் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கி ஓர் அணியைச் சேர்க்கும். வாலிபாலுக்குப் பன்னிரண்டு பேர். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு. நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். 1925இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தொடங்கி, 1973இல் இப்போதைய பெயர் பெற்ற அமைப்பு இது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு மண்டலம். பெரும்பாலான குழு ஆட்டங்களில் மண்டலத்துக்கு நான்கு அணி அகில இந்தியப் போட்டிக்குத் தேறும். அங்கே முதல் எட்டு இடத்துக்குள் வந்தால், 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் வரை போகலாம். எல்லா ஆட்டங்களையும் கூட்டி அதிகப் புள்ளி எடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு, 1956-57இலிருந்து மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அமிர்தசரசின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதை இருபது முறைக்கு மேல் வாங்கியிருக்கிறது.

தாளில் பார்த்தால் ஒழுங்கான ஏணி. அமெரிக்காவைப் போல யாரும் ஓட்டுப் போட்டு சாம்பியனைச் சொல்வதில்லை. தோற்றால் வெளியே, ஜெயித்தால் மேலே. ஆனால் இரண்டாவது படியில் கல்லூரி கரைந்துவிடுகிறது. அணி கலைந்து, அதில் ஒன்றோ இரண்டோ பேர் வேறொரு ஜெர்சிக்குள் போகிறார்கள். மிச்சப் பேர் ஊருக்கு வந்துவிடுகிறார்கள்.

வேலைவாய்ப்பு விதியும் இந்த ஏணியைத்தான் பின்பற்றுகிறது. விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதற்கான மத்திய அரசின் 1980ஆம் ஆண்டு ஆணை, யார் தகுதியானவர் என்று பட்டியல் போடுகிறது. நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். பல்கலைக்கழகத்துக்கு ஆடியதற்குப் படிவம் 3. பள்ளிக்கு இடம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு இடம் இருக்கிறது. நடுவில் கல்லூரிக்கு என்று ஒரு படிவம் இல்லை. என் நண்பனின் பதினேழு சான்றிதழும் அந்த இடைவெளிக்குள்தான் விழுந்தன.

5

ஏன் இப்படி என்று தேடினால், விளையாட்டு வரலாற்றைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.

1819இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டார்ட்மத் கல்லூரி வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு ஒரு சட்டம் போட்டு அந்தத் தனியார் கல்லூரியைத் தன் பல்கலைக்கழகமாக மாற்றப் பார்த்தது. கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தம். சட்டசபை நினைத்தபடி அதை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். அங்கே ஒரு கல்லூரி தானே பட்டம் கொடுக்கும், தானே தன் கூட்டணியைத் தேர்ந்துகொள்ளும்.

நமக்கு வந்தது வேறு வார்ப்பு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தார்கள். பாடம் நடத்துவது கல்லூரி, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். 'இணைப்புக் கல்லூரி' என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. பட்டச் சான்றிதழில் யார் பெயர் பெரிதாக இருக்கிறதோ, அவர் பெயர்தான் ஜெர்சியிலும்.

விருதுநகர் வட்டாரத்தில் இது இன்னும் உறுத்துகிறது. இங்கே கல்வி நிலையங்கள் ஊர்ப்பணத்தில் எழுந்தவை. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்த கதையை விருதுநகர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கும் மகமை என்ற ஏற்பாடு பள்ளிகளையும் பொதுக்காரியங்களையும் தாங்கியது. 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இருவரில் ஒருவரான அய்ய நாடார் பெயரில், அவர் மனைவி பெயரையும் சேர்த்து, சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் ஃபயர்வொர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது. 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயர், பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடியைச் செய்யும் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கம்பெனிகள் தங்கள் பெயரை ஸ்டேடியத்துக்கு வைக்கின்றன. சிவகாசியில் தொழில் கல்லூரிக்கே பெயரானது. இவ்வளவு உள்ளூர்த்தனம் உள்ள ஒரு பெயரும் தென்மண்டலப் போட்டியின் ஸ்கோர் போர்டில் ஏற வழியில்லை.

இந்தக் கல்லூரிகளும் கான்ஃபரன்ஸ் மாறிக்கொண்டேதான் இருந்தன. விருதுநகர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே போனது. 1978இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிரிந்தபோது தெற்கு மாவட்டக் கல்லூரிகள் அந்தப் பக்கம் போயின, விருதுநகர் மதுரையோடு நின்றது. அதுவரை ஒரே அணிக்காகப் போட்டியிட்ட சாத்தூர்ப் பையனும் கோவில்பட்டிப் பையனும் அன்றிலிருந்து வேறு வேறு பல்கலைக்கழகம். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

அமெரிக்கக் கல்லூரி டி.வி. பணத்துக்காகத் தாவியது. இங்கே சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியதும் கல்லூரி இருந்த இடத்திலேயே நின்றபடி இடம் மாறியது.

6

இந்தக் கோடுகள் ஆட்டக்காரனுக்கு என்ன செய்கின்றன என்பதைப் பார்க்கப் பொறியியல் கல்லூரிகளைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. 2001இல் சட்டத் திருத்தம் வந்து, பல்வேறு பல்கலைக்கழகங்களில் இருந்த பொறியியல் கல்லூரிகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் சேர்க்கப்பட்டன. 2007இல் கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனித்தனி அண்ணா பல்கலைக்கழகங்கள் உண்டாயின. 2010இல் அவை 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' என்று பெயர் மாறி, சென்னைக்கும் மதுரைக்கும் ஒவ்வொன்று கூடி ஐந்தாயின. மூல அண்ணா பல்கலைக்கழகம் தனி. 2012இல் எல்லாம் மறுபடி ஒன்று.

ஒரு பல்கலைக்கழகம் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியைத்தான் அனுப்ப முடியும். வாலிபாலை எடுத்துக்கொள்வோம். 2006இல் ஒரு பல்கலைக்கழகம், அதிகபட்சம் 12 ஜெர்சி. 2008இல் நான்கு, 48 ஜெர்சி. 2011இல் ஆறு, 72 ஜெர்சி. 2013இல் ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு மறுபடி 12 ஜெர்சி. நடுவில் மைதானங்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பையன்களின் கை நீளவும் இல்லை.

2009இல் சேர்ந்த ஒருவனையும், அவனுக்கு ஒரு வருடம் இளைய தம்பியையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவரும் ஒரே கிரவுண்டில் பழகியவர்கள், ஒரே உயரம் எகிறுகிறவர்கள். அண்ணனின் மூன்றாம் ஆண்டு 2011-12, தம்பியின் மூன்றாம் ஆண்டு 2012-13. அண்ணனுக்கு 72இல் ஓர் இடம், தம்பிக்கு 12இல் ஓர் இடம். அண்ணன் கையில் படிவம் 3 இருக்கலாம், தம்பி கையில் கல்லூரிச் சான்றிதழ் மட்டும் இருக்கலாம். பத்து வருடம் கழித்து அந்தக் குடும்பம் என்ன சொல்லும்? "பெரியவன் நல்லா ஆடுவான், சின்னவனுக்கு அவ்வளவு வராது." வீட்டுத் திண்ணையில் அது உண்மையாகவே ஆகிவிடும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தபின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் 1984இல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஒரே வளாகம், தனி அணி. அங்கே படிக்கிறவன் தன் நிறுவனத்தின் பெயரோடே தென்மண்டலத்துக்குப் போகலாம். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் சிவகாசியின் இணைப்புக் கல்லூரி மாணவனுக்கு அதற்கு முன் இன்னொரு சல்லடை. சென்னையில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து, இலவசமாகப் படிப்பும் விடுதியும் கொடுத்து எடுத்துக்கொள்கின்றன. இது அமெரிக்க உதவித்தொகை முறையேதான். பெயர் மட்டும் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'.

7

அமெரிக்க முறை மேல் என்று சொல்ல வரவில்லை. நம் ஏணியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சின்னக் கல்லூரி முதல் சுற்றிலேயே தோற்றாலும், அதில் நன்றாக ஆடிய ஒருவனைத் தேர்வாளர் பார்த்திருந்தால் முகாமுக்கு அழைக்கலாம். அவன் மற்றக் கல்லூரிகளின் சிறந்தவர்களோடு ஒரே அணியில் நிற்கலாம். அமெரிக்காவில் மூன்றாம் டிவிஷன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பையன், தேசிய மேடையில் ஆட ஆசைப்பட்டால் கல்லூரியையே மாற்ற வேண்டும். அங்கே கல்லூரியின் பெயர் பிழைக்கிறது. தனி ஆள் அந்தப் பெயரோடு கட்டுண்டு கிடக்கிறான். இங்கே தனி ஆளுக்கு ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது; கல்லூரியும் ஊரும் வெளியே நின்றுவிடுகின்றன.

ஊர் வெளியே நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கொலம்பஸில் ஒரு கிழவி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கத்துவதற்குக் காரணம், அந்த அணி அவள் ஊர்ப் பெயரைச் சுமக்கிறது. பல்கலைக்கழக அணி எங்கோ ஒரு வெளியூர் மைதானத்தில் தென்மண்டலப் போட்டியில் ஆடும்போது, அதில் சிவகாசிப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது சிவகாசிக்குத் தெரியாது. பார்க்க ஆள் இல்லாத ஆட்டத்துக்கு மதிப்பைக் காகிதம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இங்கே படிவத்துக்கு இவ்வளவு கனம்.

இரண்டு இடத்திலும் ஒன்று பொது. யார் யாரோடு மோத வேண்டும் என்ற கோட்டை ஆட்டக்காரர்கள் போடுவதில்லை. அங்கே டி.வி. ஒப்பந்தம் போடுகிறது, இங்கே அரசாணை போடுகிறது. போட்ட பிறகு கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது முடிவு மட்டும்தான். அதை நாம் திறமை என்று வாசித்துக்கொள்கிறோம். 13-0 என்று முடித்த அணிக்காவது ஊர்வலம் விட ஒரு ஊர் இருந்தது.

ஒரு சின்னத் திருத்தம் செய்தாலே போதும் என்று தோன்றுகிறது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பல்கலைக்கழகச் சாம்பியனான அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஒரு படிவம், கடைசி வரிசையிலாவது. பள்ளிக்கு இருக்கும் இடம் கல்லூரிக்கும்.

மாட்டுப்பொங்கல் அன்று ராத்திரி நண்பனின் கிராமத்தில் மின்னொளி வாலிபால் போட்டி. போஸ்டரை அவன் அச்சகத்திலேயே அடித்திருந்தான். ஊர் அணிக்குப் புது ஜெர்சி, மார்பில் ஊர்ப் பெயர். நாற்பதை நெருங்குகிறவன் இன்னும் செட்டராகத்தான் நிற்கிறான். வலையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. ஆச்சிகள்கூடக் கத்தினார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் ஜெர்சிக் கட்டைப் பிரித்தான். எண்ணிப் பார்த்தேன், பதினாறு இருந்தது.

"எதுக்குடா பதினாறு? டீமுக்குப் பன்னெண்டுதான?"

"பயக பதினாறு பேரு வந்து பழகுனாங்கள்ல" என்றான்.